கடற்பஞ்சு தந்த புற்றுநோய் மருந்துகள்... தெரியுமா?

மூளை கிடையாது, நரம்பு கிடையாது, இதயமும் கிடையாது. பாறையில் ஒட்டியபடியே வாழ்ந்து முடிக்கும் எளிய உயிர் கடற்பஞ்சு. அதுதான் இன்று புற்றுநோய் வார்டுகளில் ஏற்றப்படும் இரண்டு மருந்துகளுக்கு வழிகாட்டியது, தெரியுமா?

★ ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது. அப்படியானால் தின்ன வரும் எதிரியை எப்படி விரட்டும்? ரசாயனங்களால்! அவற்றில் பலவற்றைத் தயாரித்துக் கொடுப்பது அதன் உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்!

★ புளோரிடா கடலில் எடுத்த ஒரு கடற்பஞ்சை ஆராய்ந்த வேதியியலாளர் வெர்னர் பெர்க்மன், 1950களின் தொடக்கத்தில் அதில் ஒரு விசித்திரத்தைக் கண்டார். டிஎன்ஏவைக் கட்டும் மூலக்கூறுகளைப் போலவே சில பொருள்கள்; ஆனால் அவற்றிலிருந்த சர்க்கரை மட்டும் வேறு: அராபினோஸ்! அந்த வடிவத்தைப் பின்பற்றி ஆய்வகத்தில் உருவானதுதான் சைட்டராபின். அமெரிக்காவில் 1969இல் அனுமதி கிடைத்தது. டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும் புற்றுநோய் செல், இதை அசல் என்று நம்பிச் சேர்த்துக்கொள்கிறது. அவ்வளவுதான், சங்கிலி மேற்கொண்டு நீளாது! தீவிர ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் இது முக்கிய மருந்து.

★ 1986இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஹிராட்டா, உவெமுரா குழுவினர் 600 கிலோ கடற்பஞ்சைப் பிழிந்து ஹாலிகான்ட்ரின்-பி என்ற, புற்றுநோயைத் தாக்கும் பொருளைப் பிரித்தார்கள். கிடைத்தது எவ்வளவு தெரியுமா? 12.5 மில்லிகிராம்! ஓர் அரிசியின் எடைகூட இல்லை!

★ இப்படியே போனால் கடலையே காலி செய்தாலும் மருந்து போதாதே! 1992இல் ஹார்வர்டில் யோஷிட்டோ கிஷியின் குழு அந்த ராட்சத மூலக்கூறை முழுவதுமாக ஆய்வகத்திலேயே உருவாக்கிக் காட்டியது. அப்போதுதான் தெரிந்தது இன்னோர் அதிசயம்: புற்றுநோயைத் தாக்க அதில் பாதியே போதும்! அந்தப் பாதியிலிருந்து ஐசாய் நிறுவனம் உருவாக்கிய மருந்து எரிபுலின். தயாரிக்க 60க்கும் மேற்பட்ட வேதிப் படிகள்! 2010இல், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

★ எரிபுலின் செல்லுக்குள் என்ன செய்கிறது? செல் இரண்டாகும்போது, டியூபுலின் என்ற புரதத்தாலான நுண்குழல்கள் நீண்டும் குறுகியும் குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துப் பிரிக்கின்றன. எரிபுலின் குழலின் வளரும் நுனியைப் பிடித்துக்கொள்கிறது. குழல் குறுகலாம், நீள முடியாது! பிரிவு பாதியிலேயே முடங்க, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது.

★ பஹாமாஸ் கடற்பஞ்சிலிருந்து கிடைத்த டிஸ்கோடெர்மோலைடு என்ற பொருள் இதற்கு நேரெதிர். குழல்களைக் கலையவிடாமல் இறுக்கிவிடும். அதிலும் பிரிவு நின்றுபோகிறது! ஆனால் நுரையீரல் பாதிப்பால் மனிதச் சோதனை கைவிடப்பட்டது.

★ எரிபுலினால் பலன் எவ்வளவு? மார்பகப் புற்றுநோய்க்குப் பல சிகிச்சைகளைக் கடந்து வந்த 762 பெண்களிடம் நடந்த ஆய்வில், மற்ற சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 10.6 மாதம், எரிபுலின் பெற்றவர்களுக்கு 13.1 மாதம். பக்க விளைவுகளும் உண்டு: வெள்ளணுக்கள் குறையும், கைகால் மரத்துப்போகும். நரம்புகளுக்கும் அதே நுண்குழல்கள் வேண்டுமே! என்றாலும், வழியெல்லாம் அடைபட்ட நிலையில் கூடுதலாகக் கிடைக்கும் அந்த இரண்டரை மாதம், ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது!