கொடைக்கானல்: ஒரு ராப் பாட்டு எதை மாத்துச்சு?

போன எபிசோட்ல க்ராஸ் பத்திப் பேசினோம். 1977-ல இங்கிலாந்துல ஆரம்பிச்ச அனார்க்கிஸ்ட் பங்க் பேண்ட். "இது பாட்டா, கோஷமா? இதனால என்ன மாறிச்சு?"ன்னு கேட்டிருந்தீங்க. பதில் தேட கொடைக்கானல் போவோம்.

அங்கே 1983-ல ஒரு தெர்மாமீட்டர் ஃபேக்டரி வந்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போச்சு. 2001-ல பாதரசக் கண்ணாடிக் கழிவு ஊருக்குள்ள ஒரு காயலாங்கடையில கிடைச்சது. மக்கள் திரண்டாங்க; ஃபேக்டரி மூடப்பட்டது. தொழிலாளர்களோட நஷ்டஈட்டுப் போராட்டம் மட்டும் இழுத்துக்கிட்டே போச்சு.

2015 ஜூலையில சோஃபியா அஷ்ரஃப் 'கொடைக்கானல் வோன்ட்' பாடினாங்க. நிக்கி மினாஜோட 'அனகோண்டா' மெட்டு. இசையா புதுசு எதுவும் இல்லதான். ஆனா உலகமே ஆடின பீட். தலையாட்டிக்கிட்டே கேட்கும்போதுதான் வரி உறைக்கும். க்ராஸ் காதைக் கிழிச்சு கேட்க வச்சாங்க. இவங்க ஆட வச்சு கேட்க வச்சாங்க. என்னைப் பொறுத்தவரை அதுதான் இதோட இசைத் திறமை.

2016 மார்ச்சில 591 முன்னாள் தொழிலாளர்களோட நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. உடல்நலப் பாதிப்பை ஒத்துக்கல. மனிதாபிமான அடிப்படையில பணம் தர்றோம்னு சொன்னாங்க.

பாட்டு ஜெயிச்சதுன்னு சொல்லலாமா? எனக்கு மனசு வரல. தொழிலாளர்கள் 15 வருஷமா பேசினதை, கேட்காதவங்க காது வரைக்கும் அது கொண்டு போச்சு. அவ்வளவுதான், அதுவே பெருசு. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் பண்ணணும்ங்கிற சண்டை முடியல. அதுக்காக 2018-ல டி.எம். கிருஷ்ணாவோட சேர்ந்து இன்னொரு பாட்டும் வர வேண்டியிருந்தது.