மணிக்கணக்கா, மட்டக்கணக்கா?

வீடு கட்டப்போகிறவர் எந்தக் கம்பி, எந்த சிமென்ட் என்று பத்துப் பேரிடம் விசாரிப்பார். மண் வேலைக்கு மட்டும் விசாரணை ஒரே கேள்வியோடு முடிந்துவிடும்: ஜேசிபி மணிக்கு எவ்வளவு? பெயின்ட் பிடிக்காவிட்டால் அடுத்த பொங்கலுக்கு மாற்றிக்கொள்ளலாம். தரை ஓடு உடைந்தால் பெயர்த்துவிட்டு வேறு பதிக்கலாம். அடியில் கொட்டிய மண்ணை, மேலே வீடு ஏறிய பிறகு யாராலும் தொட முடியாது. அந்த வேலையை நேரக் கூலிக்கு விடுவது வசதியான பழக்கம்தான், ஆனால் தவறான பழக்கம். நமக்குத் தேவை, சொன்ன மட்டத்தில் இறுகி நிற்கும் தரை. பேரமும் அதற்குத்தான் நடக்க வேண்டும்.

ஒரு கிரவுண்டு மனையை, அதாவது 2,400 சதுர அடியை, மூன்றடி உயர்த்துவதாக வைத்துக்கொள்வோம். 7,200 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 72 யூனிட். இது இறுகிய பிறகு இருக்க வேண்டிய அளவு. லாரியில் வருவதோ உதிரி மண். இறுக்கும்போது அது ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று கொண்டால் 90 யூனிட் வாங்கியாக வேண்டும். 72 யூனிட்டோடு நிறுத்திக்கொண்டு மூன்றடி வந்துவிட்டது என்று மகிழ்கிறவர், பள்ளத்தைத்தான் விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். லாரியின் தொட்டியையும் டேப் வைத்து அளக்க வேண்டும். 12 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 252 கன அடி, இரண்டரை யூனிட். அதையே மூன்று யூனிட் வண்டி என்று சொல்லி முப்பது நடை அடித்தால் 14 யூனிட்டுக்கு மேல் காணாமல் போயிருக்கும். இதில் யாரையும் திருடர் என்று சொல்ல வேண்டியதில்லை; கோளாறு கூலி முறையிலேயே இருக்கிறது. மணிக்கூலியில் வேலை இழுத்தால் லாபம், நடைக்கூலியில் உதிரியாகக் கொட்டினால் லாபம். மண்ணை இறுக்குவதற்கு மட்டும் இரண்டிலுமே காசு கிடையாது. காசு இல்லாத வேலையை யார் செய்வார்?

இறுக்குவதற்கு ஒரு முறை உண்டு. எவ்வளவு உருட்டினாலும், மண்ணில் ஈரம் சரியான அளவில் இருந்தால்தான் அது முழுமையாக அடங்கும் என்பதை 1933-ல் கலிபோர்னியாவின் அணைப் பொறியாளர் ப்ராக்டர் சோதனையோடு விளக்கினார். அவர் பெயரால் வழங்கும் சோதனைதான் இன்றும் சாலைகளுக்கும் அணைக்கட்டுகளுக்கும் அளவுகோல். காய்ந்த மண் துகள்கள் ஒன்றோடொன்று உரசி நின்றுவிடும். சேறானால் இடையில் புகுந்த தண்ணீர் விலகாது. கைப்பிடி மண்ணை உருட்டினால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது என்று அனுபவசாலிகள் பார்ப்பதும் ஏறக்குறைய இதைத்தான். மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு, 20 சென்டிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாகக் கொட்டி, ஒவ்வொன்றையும் நனைத்து இடிக்கச் சொல்கிறது. இறுகிய மூன்றடிக்கு ஆறு அடுக்கு. நடைமுறையில் மூன்றடியையும் ஒரேயடியாகக் கொட்டி, ஜேசிபியை மேலே நாலு தடவை ஓட்டிவிட்டு முடிந்தது என்கிறார்கள். சக்கரம் போன தடம் மேலாக இறுகும், மற்ற இடம் பொதபொதவென்றே கிடக்கும். ஒரு மழை பார்த்தால் தானே இறுகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மணற்பாங்கான மண்ணில், குறைந்த உயரத்துக்கு, அதில் உண்மை இருக்கிறது. கட்டி கட்டியாகக் கொட்டிய களிமண்ணும் இடிபாட்டுக் கல்லும் அப்படி அடங்காது. மழை நீர் இடுக்கு வழியே இறங்கி ஒரு மூலையை மட்டும் உள்வாங்கச் செய்யும். சீராக இறங்கும் தரையைவிட, ஒரு பக்கம் மட்டும் இறங்கும் தரைதான் சுவரில் விரிசல் விடும்.

உள்ளூர்க்காரரை அமர்த்துவதன் அருமை இங்கேதான். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதை அடித்தளத்துக்கு அடியிலோ தரைக்கு அடியிலோ போட்டு நிரப்பக் கூடாது, கிராவல்தான் வேண்டும் என்று அந்த ஊர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த மனையில் பழைய கிணறு தூர்க்கப்பட்டிருக்கிறது, ஐப்பசி அடைமழையில் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். அதற்காக உள்ளூர் என்பதையே தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு மழைக்காலம் முன்பு அவர் நிரப்பிய மனை ஒன்றைக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். அங்கே தளமும் சுற்றுச்சுவரும் எப்படி நிற்கின்றன என்பது வாய்ப்பேச்சைவிடத் தெளிவாகச் சொல்லும். மண்ணுக்கு நடைச்சீட்டு இருக்கிறதா என்றும் கேட்டாக வேண்டும். அனுமதியில்லாமல் எடுத்த கனிமத்தை ஏற்றிய வண்டியையும் இயந்திரத்தையும் பறிமுதல் செய்ய 1957-ம் ஆண்டின் சுரங்க, கனிமச் சட்டம் இடம் தருகிறது. பாதி வேலையில் வண்டி போய்விட்டால் மனை அரைகுறையாகக் கிடக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மட்டத்தை முடிவு செய்ய வேண்டும். வீட்டுத் தளம் சுற்றுத் தரையைவிட 45 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. சாலையோ, போடப் போட ஏறுகிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டிய பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தமிழகத் தலைமைச் செயலர் அறிவுறுத்த வேண்டியிருந்த அளவுக்கு இது ஊரறிந்த தொல்லை. ஆகவே இன்றைய சாலை மட்டத்தை மட்டும் நம்பாமல், நகராத ஓரிடத்தில், மதகுக் கட்டையிலோ மின்கம்பத்தின் அடியிலோ, பெயின்டால் ஒரு குறி வைத்து அதிலிருந்து அளப்பது நல்லது. டியூப் மட்டமே போதும். ஆனால் மனையை உயர்த்துகிறவர் தன் மழைநீர் யார் வாசலுக்குப் போகும் என்பதையும் யோசித்தாக வேண்டும். மனையெங்கும் ஒரே மட்டமாக நிரப்பாமல், வீட்டிலிருந்து விலகிப் பத்தடிக்கு இரண்டு மூன்று அங்குலம் சரிவு விட்டு, வடிகால் பக்கம் வாட்டம் தர வேண்டும். அப்படிச் செய்தால் பக்கத்து வீட்டோடு சண்டையும் வராது.

சின்ன மனைக்கு இவ்வளவு ஒப்பந்தம் எழுதினால் யார் வருவார்கள் என்ற கேள்வி நியாயமானது. அளவுக்கு விலை பேசினால் தொகை கொஞ்சம் கூடத்தான் செய்யும். உருளை, தண்ணீர் லாரி, கூடுதல் நாள் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. உள்வாங்கிய தரையைப் பெயர்த்து மறுபடி போடும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை. ஒப்பந்தமும் ஒரு பக்கத்தில் அடங்கும்: எந்த மண், குறியிலிருந்து எத்தனை அங்குலம், எத்தனை அடுக்கு, கூலி எவ்வளவு, எப்போது. புதர் அகற்றுவது, மரவேர் பிடுங்குவது போன்ற அளக்க முடியாத வேலைகளுக்கு மணிக்கூலியே சரி. இயந்திரத்தின் மணிமீட்டரைத் தொடக்கத்திலும் முடிவிலும் படம் எடுத்துக்கொண்டால் தகராறு இல்லை. அஸ்திவாரக் குழி தோண்டுவது வேறு விஷயம். பக்கெட் பற்கள் அடிமண்ணைக் கிளறிவிடும் என்பதால் கடைசிச் சில அங்குலத்தை மண்வெட்டியால் எடுக்க வேண்டும். அதிகமாகத் தோண்டிவிட்டால் உதிரி மண்ணைத் திரும்பத் தள்ளாமல் மெலிந்த கான்கிரீட் போட வேண்டும். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழியில் ஆள் இறங்குவதாக இருந்தால் பக்கச் சரிவோ முட்டுப் பலகையோ இல்லாமல் அனுமதிக்கவே கூடாது. இதில் பேரத்துக்கே இடமில்லை. பணத்தைப் பொறுத்தவரை, கடைசிப் பத்து சதவீதத்தை ஒரு மழைக்குப் பிறகு மட்டம் சரிபார்த்துத் தருவதாகப் பேசலாம். முனகிக்கொண்டாவது ஒப்புக்கொள்கிறவரிடம் வேலையைக் கொடுக்கலாம்.