ஃபேமிலியோட ஐரோப்பா டூர் பிளானா? ஸ்ரீரங்கத்துல இருந்து கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய ஷெங்கன் விசா கணக்கு!

ஈஃபிள் டவர் முன்னாடி ஒரு செல்ஃபி, ஸ்விட்சர்லாந்தில் பனிமலை, ரோம் நகரில் கொலோசியம்... ஒரே டிரிப்பில் நாலைந்து நகரங்களைப் பார்த்துவிடலாம் என்பதுதான் ஐரோப்பா டூரின் பெரிய கவர்ச்சி. ஆனால் சிங்கப்பூர், மலேசியா போய் வருவது போல இது அத்தனை சுலபம் இல்லை. 2024-ம் ஆண்டில் இந்தியாவில் இருந்து சுமார் 11 லட்சம் பேர் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பித்தனர். அதில் ஏறக்குறைய 1.65 லட்சம் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. அதாவது, ஏழு பேர் அப்ளை செய்தால் ஒருவருக்கு 'நோ'. கட்டிய விசா கட்டணமும் திரும்ப வராது.

திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதியில் இருந்து குடும்பத்தோடு ஐரோப்பா செல்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்? எதை முதலில் செய்ய வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஷெங்கன் விசா என்றால் என்ன?

லக்சம்பர்க் நாட்டில் உள்ள ஒரு சின்ன ஊரின் பெயர்தான் ஷெங்கன். 1985-ம் ஆண்டு ஜூன் 14-ம் தேதி, எல்லைச் சோதனைகளை நீக்கும் ஒப்பந்தம் அங்கேதான் கையெழுத்தானது. 1995-ல் அது நடைமுறைக்கு வந்தது. இப்போது 29 நாடுகள் இதில் உள்ளன. இதில் ஏதாவது ஒரு நாட்டின் சுற்றுலா விசா கிடைத்தால் போதும், மற்ற 28 நாடுகளுக்கும் போய் வரலாம்.

இங்கேதான் பலருக்கும் குழப்பம். ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய யூனியனில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. அயர்லாந்து ஐரோப்பிய யூனியனில் இருக்கிறது, ஆனால் ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் இரண்டிலுமே இல்லை. எனவே டூர் பட்டியலில் லண்டன் இருந்தால், அதற்குத் தனி விசா, தனிக் கட்டணம்.

எந்த நாட்டில் அப்ளை பண்ணணும்?

'எந்த நாட்டில் ஸ்லாட் கிடைக்குதோ, அங்கே அப்ளை பண்ணிடலாம்' என்று சிலர் சொல்வது தவறு. எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாடுகளிலும் சம நாட்கள் என்றால், முதலில் நுழையும் நாடு.

உதாரணத்துக்கு, பாரிஸில் 4 இரவு, ஸ்விட்சர்லாந்தில் 3 இரவு, ரோமில் 3 இரவு என்றால் பிரான்ஸ் விசா. மூன்றிலும் தலா 3 இரவு, முதலில் இறங்குவது ரோம் என்றால் இத்தாலி விசா. ஹோட்டல் புக்கிங் ஒரு கணக்கும், விண்ணப்பம் வேறு கணக்கும் சொன்னால் சந்தேகம் வரும்.

லண்டனை நடுவில் வைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். பாரிஸ் - லண்டன் - ரோம் என்று போனால், ஷெங்கன் பகுதிக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். 'சிங்கிள் என்ட்ரி' விசா கையில் இருந்தால் லண்டனில் இருந்து ரோமுக்குப் போக முடியாது. விண்ணப்பத்திலேயே இரண்டு அல்லது பல முறை நுழைய அனுமதி கேட்க வேண்டும். அல்லது லண்டனை டூரின் தொடக்கத்திலோ கடைசியிலோ வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு செலவாகும்?

2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ. 6 வயது முதல் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 45 யூரோ. 6 வயதுக்குக் கீழ் இலவசம்.

கணவன், மனைவி, பாட்டி, 10 வயது மகள், 4 வயது மகன் என ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று பெரியவர்களுக்கு 270 யூரோ, மகளுக்கு 45 யூரோ, மகனுக்குக் கட்டணம் இல்லை. மொத்தம் 315 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தால்கூட 31,500 ரூபாய். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், இன்சூரன்ஸ், சென்னை போய்வரும் செலவு எல்லாம் இதற்கு மேல்.

டூர் நிறுவனத்தின் பேக்கேஜில் போனால் டிசிஎஸ் வரியும் பிடிப்பார்கள். இதன் விகிதம் பட்ஜெட்டில் அடிக்கடி மாறுவதால், அந்த நிதியாண்டின் விகிதத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. இது வீணாகும் பணம் அல்ல. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், கூடுதலாக இருந்தால் திரும்பப் பெறலாம். அதற்கு பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும்.

எப்போது தொடங்கணும்?

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். வழக்கமாக 15 நாட்களில் முடிவு சொல்வார்கள். கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாட்கள் வரை ஆகலாம்.

பள்ளித் தேர்வு முடிந்து மே மாதம் கிளம்பும் குடும்பங்கள், நவம்பரிலேயே விண்ணப்பிக்கத் தகுதி பெற்றுவிடுகின்றன. ஆனால் பலரும் மார்ச் கடைசியில்தான் தேடத் தொடங்குகிறார்கள். அதற்குள் சென்னை மையங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டமாகிவிடும்.

கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கைரேகை தேவையில்லை. கடந்த 59 மாதங்களுக்குள் ஷெங்கன் விசாவுக்குக் கைரேகை கொடுத்தவர்களின் பதிவை மீண்டும் பயன்படுத்திக்கொள்ள வாய்ப்பு உண்டு.

இனிஷியல் பிரச்சினை: தமிழ்நாட்டுக் குடும்பங்கள் கவனிக்க!

நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் 'சர்நேம்' இடத்தில் முழுதாக இருக்கும். வங்கிக் கணக்கில் வெறும் இனிஷியல். திருமணச் சான்றிதழில் வேறு மாதிரி. இதனால் கணவன், மனைவி, மகள் மூவருக்கும் மூன்று வேறு 'சர்நேம்' இருப்பது இங்கே சாதாரணம். ஐரோப்பிய அதிகாரிக்கு இது புதிராகத் தெரியலாம்.

இதற்கு என்ன செய்வது? விண்ணப்பம், விமான டிக்கெட், இன்சூரன்ஸ், ஹோட்டல் புக்கிங் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அப்படியே எழுதுங்கள். திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் இணையுங்கள். கவரிங் லெட்டரில், தமிழ்நாட்டில் அப்பா பெயர்தான் இனிஷியலாக வரும் என்று இரண்டு வரியில் விளக்கிவிடுங்கள்.

பாஸ்போர்ட்டின் காலமும் முக்கியம். கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு காலிப் பக்கம் வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட் 5 ஆண்டுக்குத்தான் என்பதால், பெரியவர்களுடையது சரியாக இருந்தும் குழந்தையுடையது காலாவதியை நெருங்கியிருக்கலாம். அப்படி இருந்தால் முதல் வேலை அதைப் புதுப்பிப்பதுதான்.

ஏன் ரிஜெக்ட் ஆகுது?

விசா அதிகாரி முக்கியமாகப் பார்ப்பது மூன்று விஷயம். போகும் நோக்கம் உண்மையா? செலவுக்குப் பணம் இருக்கிறதா? முடிந்ததும் ஊர் திரும்புவார்களா?

கணக்கில் வழக்கமாக 60,000 ரூபாய் இருக்கும். விண்ணப்பிக்கும் வாரத்தில் திடீரென்று 8 லட்சம் வந்து உட்கார்ந்தால், அது கடன் வாங்கிக் காட்டும் பணமோ என்ற கேள்வி எழும். நகையை விற்ற பணமோ, முதிர்ந்த டெபாசிட்டோ என்றால் அதற்கான ரசீதை இணைக்க வேண்டும்.

சம்பளக்காரர்கள் சம்பளச் சீட்டு, லீவு அனுமதிக் கடிதம், வருமான வரிக் கணக்கு தர வேண்டும். கடை வைத்திருப்பவர்கள் ஜிஎஸ்டி பதிவு, தொழில் கணக்கு விவரங்களைத் தரலாம். ஓய்வு பெற்றவர்களுக்குப் பென்ஷன் ஆவணம். வருமானம் இல்லாத பாட்டிக்கு மகன் செலவு செய்கிறார் என்றால், அதற்கு மகனின் கடிதமும் உறவை நிரூபிக்கும் சான்றும் வேண்டும். மருத்துவ இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளிலும், பயண நாட்கள் முழுவதும் செல்லுபடியாக வேண்டும்.

இன்னொரு விஷயம். குடும்பமாக விண்ணப்பித்தாலும் ஒவ்வொருவரின் விண்ணப்பமும் தனித்தனியாகத்தான் முடிவாகும். நான்கு பேருக்குக் கிடைத்து, பாட்டிக்கு மட்டும் கிடைக்காமல் போகலாம். அப்போது டூரையே ரத்து செய்ய வேண்டிய நிலை வரும். அதனால் விசா வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்ப வரும் ஹோட்டல்களையே பதிவு செய்யுங்கள். விண்ணப்பத்துக்கு விமான ரிசர்வேஷன் போதும், விசா வரும் முன் டிக்கெட்டுக்கு முழுப் பணம் கட்ட வேண்டியதில்லை.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தருவார்கள். மேல்முறையீடு செய்யலாம், அல்லது குறையைச் சரிசெய்து மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

'விசா கன்பார்ம்' என்று யாராவது சொன்னால்?

நம்ப வேண்டாம். விண்ணப்ப மையங்களின் வேலை ஆவணங்களை வாங்கி அனுப்புவது மட்டும்தான். முடிவு எடுப்பது தூதரகமோ துணைத் தூதரகமோதான். ஏஜென்ட் உங்களுக்குப் படிவம் நிரப்ப உதவலாம், உத்தரவாதம் தர முடியாது. போலி வங்கி ஸ்டேட்மென்ட், போலி ஹோட்டல் புக்கிங் வைத்தது தெரிந்தால் விசா மறுக்கப்படும். அந்த மறுப்பு ஷெங்கன் நாடுகளின் பொதுவான விசா பதிவில் ஏறிவிடும். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போதும் அது தெரியும். ஏஜென்ட் மூலம் போனாலும் படிவத்தை ஒரு முறை முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்து போடுங்கள்.

திருச்சியிலிருந்து எப்படிப் போவது?

2024 ஜனவரி 2-ம் தேதி பிரதமர் மோடி திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தைத் திறந்து வைத்தார். ஸ்ரீரங்கம் கோபுரத்தை நினைவூட்டும் அலங்காரங்கள் கொண்ட அந்த முனையம் அதே ஆண்டு ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் அங்கிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் கிடையாது. ரன்வேயின் நீளம் 8,136 அடிதான் என்பதால், முழு எடையோடு நெடுந்தூரம் பறக்கும் பெரிய விமானங்களுக்கு அது போதாது. எமிரேட்ஸ் போன்ற நிறுவனங்களும் திருச்சிக்கு வருவதில்லை.

எனவே சென்னை, மும்பை, டெல்லி, கொழும்பு என ஏதாவது ஒரு ஊரில் மாற வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது, எல்லாம் ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருக்கிறதா என்பது. ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. விலை குறைவு என்று துபாய் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறு நிறுவனத்தில் ஒரு டிக்கெட் என எடுத்தால், பெட்டியை வெளியே வந்து எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டு விசாவே தேவைப்படலாம். விமானம் தவறினால் நஷ்டம் உங்களுடையது.

ஏர்போர்ட்டில் இப்போ என்ன புதுசு?

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் 'என்ட்ரி எக்ஸிட் சிஸ்டம்' படிப்படியாக அமலுக்கு வந்தது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப் படம் உள்ளிட்ட விவரங்கள் பதிவாகும். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் படம் மட்டும். தர மறுத்தால் உள்ளே விட மாட்டார்கள். எத்தனை நாள் தங்கினீர்கள் என்பதைக் கணினியே கணக்கிடும். விசாவில் குறிப்பிட்ட நாட்களை ஒரு நாள் தாண்டினாலும் பதிவாகிவிடும்.

விசா ஸ்டிக்கரில் செல்லுபடியாகும் தேதி வேறு, தங்கக்கூடிய நாட்கள் வேறு. தேதிகளுக்கு இடையே 27 நாள் இருந்தாலும், 'டியூரேஷன்' என்ற இடத்தில் 12 என்று இருந்தால் 12 நாள்தான்.

'எடியாஸ்' என்ற ஆன்லைன் அனுமதி வரப்போகிறதே, அது நமக்கும் வேணுமா? வேண்டாம். விசா இல்லாமல் போகும் நாட்டினருக்குத்தான் அது. இந்தியர்களுக்கு விசாவே அனுமதி.

பாட்டியின் பையில் நெய் டப்பா இருக்கா?

இட்லிப் பொடி, பருப்புப் பொடி கொண்டு போகலாம். ஆனால் ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே இருந்து வருபவர்கள் இறைச்சி, பால் பொருட்களைக் கொண்டுவரத் தடை உள்ளது. நெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் இதில் அடங்கும். கறிவேப்பிலை போன்ற பச்சை இலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. மருந்துகளுக்கு, மருந்தின் மூலப்பெயரோடு டாக்டர் சீட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ரோம் போனால் வாடிகனைத் தவறவிட மாட்டார்கள். 156 ஏக்கரில் பரந்திருக்கும் ஸ்ரீரங்கம் கோயிலைப் பார்த்தவர்களுக்கு ஒரு ஆச்சரியம்: வாடிகன் என்ற தனி நாட்டின் பரப்பே சுமார் 109 ஏக்கர்தான். புனித பீட்டர் தேவாலயத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. ஆனால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை விடுமுறை. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே இலவசம்.

அவசரத்துக்கு ஐரோப்பிய யூனியன் முழுவதும் 112. பாஸ்போர்ட் தொலைந்தால் உள்ளூர் போலீசில் புகார் கொடுத்து, அந்த ரசீதோடு இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். பாஸ்போர்ட், விசாவின் நகல்களை வீட்டில் உள்ள ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள்.

முதல் முறை முறையாகப் போய் வந்தால் என்ன லாபம்?

2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கு ஒரு சலுகை அறிவிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசா பெற்று, விதிகளை மீறாமல் பயன்படுத்தியவர்களுக்கு, பல முறை போய்வரும் 2 ஆண்டு விசா கிடைக்க வாய்ப்பு உண்டு. அதையும் ஒழுங்காகப் பயன்படுத்தினால் அடுத்தது 5 ஆண்டு விசா. பாஸ்போர்ட்டின் காலம் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ வேலை பார்க்கும் பெற்றோருக்கு இது பெரிய உதவி.

சுருக்கமாக, செய்ய வேண்டிய வரிசை இதுதான்: பாஸ்போர்ட்டுகளைச் சரிபாருங்கள், நாட்களைப் பிரித்து எந்த நாட்டு விசா என்று முடிவு செய்யுங்கள், அப்பாயின்ட்மென்ட் எடுங்கள், ஆவணங்களில் பெயர்களை ஒத்துப் பாருங்கள், விசா வந்த பிறகு டிக்கெட்டுக்குப் பணம் கட்டுங்கள். கட்டணமும் விதிகளும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.