திரையை அணைத்தபின் தொடங்கும் பாடம்

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டபோது வகுப்பறை வீட்டுக்குள் வந்தது. சில வீடுகளில் கைப்பேசி வழியே. வேறு சில வீடுகளில், 2019இல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி வழியே. பள்ளிகள் திறந்த பின்னும் இணையவழிப் பாடம் வீட்டைவிட்டு முற்றிலும் போய்விடவில்லை. “நாங்கள் படிக்காதவர்கள், இதில் என்ன செய்ய முடியும்?” என்று ஒதுங்கும் பெற்றோர் பலர். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை என்பதை நினைவாற்றல் பற்றிய ஆராய்ச்சி காட்டுகிறது.

திரையில் பாடம் ஓடும்போது எல்லாம் விளங்குவதுபோலவே தோன்றும். மீண்டும் ஓடவிட்டால் இன்னும் எளிதாகத் தோன்றும். இது பார்த்துப் பழகியதால் வரும் உணர்வு. மனத்தில் பதிந்ததற்கு அடையாளம் அன்று. வகுப்பில் மாணவன் திருதிருவென விழிப்பதை ஆசிரியர் கண்டுகொள்வார். பதிவுசெய்த பாடத்துக்கு அந்தக் கண் ஏது?

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்னும் உளவியலார் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்கள் ஓர் அறிவியல் பகுதியை இரு முறை படித்தனர். மற்றொரு பகுதியை ஒரு முறை படித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இரு முறை படித்ததில் 81 விழுக்காடு நினைவிலிருந்தது. எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தவர்களிடமோ நிலை தலைகீழ்: முன்னதில் 42, பின்னதில் 56! இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாணவர்கள் முதலில் எழுதியதை யாரும் திருத்தித் தரவில்லை. நினைவைத் துழாவி எடுக்கும் முயற்சியே பதிவை உறுதிப்படுத்தியது.

ஆகவே, ஒளிச்சேர்க்கை என்றால் என்னவென்று அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கைப்பேசியை அணைத்துவிட்டு, காய் நறுக்கிக்கொண்டே, “இன்றைக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?” என்று கேட்டால் போதும். சிறு குழந்தைகள் இத்தகைய பொதுக் கேள்விக்குத் திணறுவார்கள். அவர்களிடம், “இலைக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது?”, “வெயில் எதற்கு?” என்று துண்டு துண்டாகக் கேட்க வேண்டும். பாடத்தின் தலைப்பையும் படங்களையும் பார்த்தாலே இத்தகைய கேள்விகள் கிடைத்துவிடும். படித்த அப்பாக்கள் சிலர், குழந்தை யோசிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுகிறார்கள். இது உதவி அன்று. குழந்தையின் முயற்சியை நாமே பறித்துக்கொள்வது.

விடை வரவில்லை என்றால், சற்றுப் பொறுத்துப் புத்தகத்தைப் புரட்டி அவளே சரிபார்க்கட்டும். அதே கேள்வியை இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள். அதற்குள் கொஞ்சம் மறந்திருப்பாள்; அதனால்தான் அப்போது கேட்பது நல்லது.