திறப்பு தலைவரிடம் இருக்கிறது!

கொடிகாமம் சந்தியிலே பஸ்ஸை விட்டிறங்கிப் பருத்தித்துறை வீதியால் நடந்தோம். ஒரு காலத்திலே இவ்வீதியால்தான் தட்டிவான்கள், தேங்காயும் பலாப்பழமும் கடகங்களும் மனிதருமாக நிறைந்து, அசைந்தசைந்து ஓடின. தென்னந்தோப்பு ஒன்றைக் கடந்து ஒழுங்கையால் உள்ளே திரும்பியதும் ஒரு சிறு மைதானம் தென்பட்டது. நேரம் மாலை ஐந்து மணி. கரப்பந்தாட்டத்துக்குரிய இரண்டு கம்பங்களும் நின்றன. இடையே வலை இல்லை. வேப்ப மரத்தின் கீழ் ஏழெட்டு இளைஞர்கள் குந்தியிருந்தனர்.

"வலை எங்கே, தம்பிமாரே?" என்று கேட்டோம்.

"வலையும் பந்தும் தலைவர் வீட்டு அறைக்குள்ளே, ஐயா. திறப்பு அவரிட்டை."

"அவர் எங்கே?"

"அதுதானே எங்களுக்கும் தெரியேல்லை!"

எல்லோரும் சிரித்தனர். ஆனால் அந்தச் சிரிப்பிலே மகிழ்ச்சி இல்லை என்பதைச் சிறிது நேரத்திலே அறிந்துகொண்டோம். முந்திய ஞாயிறு அயலூரிலே இவர்களுக்கு ஒரு போட்டி. வாகனத்தையும் சீருடைகளையும் தாமே கொண்டுவருவதாகத் தலைவர் வாக்களித்திருந்தார். குறித்த நேரத்திலே வாகனமும் இல்லை, தலைவரும் இல்லை. சைக்கிளிலே போய்ச் சேர்ந்தவர் நால்வர். ஆறு பேர் வேண்டிய ஆட்டத்துக்கு நால்வர் என்ன செய்வது? எதிரணியினர் அரை மணி நேரம் பெருந்தன்மையோடு காத்திருந்தனர். பின்னர் ஆடாமலே வெற்றி பெற்றனர். அனுமதிக் கட்டணத்துக்கென ஒவ்வொருவரும் கொடுத்த பணமும் போயிற்று. அவர்களுள் ஒருவன் சந்தையிலே மூட்டை சுமந்து பெற்ற கூலியிலிருந்து கொடுத்தவன். மறுநாள் தலைவர் வந்து, "அடுத்த முறை பாப்பம்" என்றாராம்.

இப்பொழுது இருவர் வேறு கழகத்துக்குப் போக எண்ணுகின்றனர். இருவர் போனால் கழகம் போயிற்று.

"அப்படியானால் தலைவரை மாற்றிவிடுங்களேன்" என்று நாம் இலேசாகச் சொல்லிவிட்டோம். உடனே எல்லோரும் மௌனமாயினர். அவர்களுள் மூத்தவன்தான் பதில் சொன்னான்: "அண்ணையை எப்படி ஐயா மாத்திறது? இந்தக் கம்பத்தை நட்டதே அவர்தானே!"

உண்மை அதுதான். 2000ஆம் ஆண்டுப் போரிலே தென்மராட்சி எங்கும் இடம்பெயர்ந்தது. போர் ஓய்ந்து 2009க்குப் பின்னர், பற்றை மண்டிக் கிடந்த இந்நிலத்தைத் துப்புரவாக்கிக் கம்பம் நட்டு, சிறுவர்களாயிருந்த இவர்களுக்குப் பந்து அடிக்கப் பழக்கியவர் இதே தலைவர். நன்றி ஒரு பக்கம் இழுக்கிறது, நியாயம் மறுபக்கம் இழுக்கிறது. நடுவிலே அகப்பட்டுத் தவிக்கின்றனர் இளைஞர்கள்.

இத்தகைய தலைவர்கள் கொடிகாமத்தில் மாத்திரமா இருக்கின்றனர்? உலகப் புகழ் பெற்ற அணிகளும் இதே துன்பத்தை அனுபவித்திருக்கின்றன. 1936ஆம் ஆண்டிலே இங்கிலாந்துக்குச் சென்ற இந்தியத் துடுப்பாட்ட அணியின் கதை அறியத்தக்கது. அதன் தலைவர் விஜியநகரம் சமஸ்தானத்து மகாராஜகுமார். 'விஸி' என்று அழைக்கப்பட்டவர். துடுப்பாட்டத்துக்காகப் பணத்தைத் தாராளமாகச் செலவு செய்தவர், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மூன்று டெஸ்ட் ஆட்டங்களிலே ஆறு முறை துடுப்பெடுத்தும் அவர் பெற்ற மொத்த ஓட்டங்கள் 33. ஓட்டக் குறைவை மன்னிக்கலாம். அணியை இரண்டுபடுத்தியதை எவ்வாறு மன்னிப்பது?

1933இல் பம்பாயிலே இந்தியாவுக்காக முதலாவது டெஸ்ட் சதத்தை அடித்தவர் லாலா அமர்நாத். அந்தச் சுற்றுலாவிலும் அவரே மிகச் சிறந்து ஆடிக்கொண்டிருந்தார். லோர்ட்ஸ் மைதானத்தில் நடந்த ஓர் ஆட்டத்திலே, காற்காப்பு அணிந்து ஆயத்தமாக இருந்த அவரைக் காக்கவைத்துவிட்டு, மற்றவர்களை ஒருவர்பின் ஒருவராகத் தலைவர் அனுப்பினார். அமர்நாத் கோபக்காரர்; வாயைத் திறந்துவிட்டார். விளைவு, முதலாவது டெஸ்டுக்கு முன்னரே அவர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார். மன்செஸ்டரிலே விஜய் மேர்ச்சன்ட்டும் முஷ்டாக் அலியும் தொடக்க இணையாக 203 ஓட்டங்கள் சேர்த்த ஆட்டத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. மேர்ச்சன்ட்டை ஓட்டத்தில் ஆட்டமிழக்கச் செய்துவிடும்படி தலைவரே முஷ்டாக்கிடம் சொன்னாராம். முஷ்டாக் அதை மேர்ச்சன்ட்டிடமே சொல்ல, இருவரும் சிரித்தனராம்!

இந்தியா 2-0 என்று தோற்றது. பம்பாய்ப் பிரதம நீதியரசர் சேர் ஜோன் போமண்ட் தலைமையில் விசாரணை நடைபெற்றது. 1937இல் வெளிவந்த அறிக்கை அமர்நாத்தைக் குற்றத்திலிருந்து விடுவித்தது, தலைமையையே கண்டித்தது. 1947இல் அவுஸ்திரேலியாவுக்குச் சென்ற சுதந்திர இந்தியாவின் முதலாவது அணிக்கு அதே அமர்நாத் தலைவரானார்.

அச்சுற்றுலாவிலே நம் நெஞ்சை உறுத்துபவர் இன்னொருவர், சென்னை எம். ஜே. கோபாலன். அவ்வாண்டு பேர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் ஹொக்கி வாய்ப்பைத் துறந்து துடுப்பாட்ட அணியோடு சென்றார். அங்கே ஒரு டெஸ்டிலேனும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஹொக்கி அணியோ தியான் சந்தின் தலைமையிலே தங்கப் பதக்கம் வென்று திரும்பியது. பின்னாளிலே சென்னை அணியும் இலங்கை அணியும் ஆண்டுதோறும் மோதிய கிண்ணம் இவர் பெயரால் விளங்கியதை நம் மூத்த வாசகர்கள் நினைவுகூர்வர்.

இவ்விடத்திலே போர்பந்தர் மகாராஜாவையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 1932இல் இங்கிலாந்து சென்ற அணிக்கு அவரே தலைவர். தம் ஆட்டத் திறமையின் அளவு அவருக்கே தெரியும். லோர்ட்ஸிலே இந்தியாவின் முதலாவது டெஸ்ட் வந்தபோது தாம் ஒதுங்கிக்கொண்டு, சி. கே. நாயுடுவிடம் தலைமையை ஒப்படைத்தார். மகாராஜா என்ற பட்டத்துக்கு இதனால் ஒரு குறையும் வரவில்லை.

கரப்பந்தாட்டத்தின் விதிகளும் இதை மறந்துவிடவில்லை. ஆட்டத்தின் முன்னர் புள்ளித்தாளில் ஒப்பமிடுவதும் நாணயச் சுழற்சிக்குப் போவதும் தலைவரின் கடமை. ஆனால் அவர் களத்திலே இல்லாத வேளையில், களத்தில் நிற்கும் வேறொருவர் ஆட்டத் தலைவராக இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. தலைவர் இல்லாத நேரமும் வரும் என்பதை விதி எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்; நம் கழகங்கள்தாம் அறிவதில்லை. கடினமான கூடைப்பந்தாட்டத்துக்கு மாற்றாக, வயது வந்தோரும் ஆடுவதற்கென 1895இல் அமெரிக்காவிலே வில்லியம் மோர்கன் அமைத்த பொழுதுபோக்கு இது. 1916இல் கொழும்பு வை.எம்.சி.ஏ. வாயிலாக இலங்கைக்கு வந்தது. 1991இல் நம் தேசிய விளையாட்டாயிற்று. பொழுதுபோக்குத்தானே என்பதற்காக வாக்கைத் தவறவிடலாமா? கிளித்தட்டிலே கிளி ஓடாமல் நின்றால், தட்டு மறிப்பவர்கள் எத்தனை கெட்டிக்காரராயினும் என்ன செய்வார்கள்?

அன்று மாலை நாம் இளைஞர்களிடம் சொன்னது இதுதான்: அவரைப் பற்றி மரத்தடியிலே பேசாதீர்கள், அவரோடு அவர் வீட்டுத் திண்ணையிலே பேசுங்கள். கூட்டமாகப் போகவேண்டாம், இருவர் போதும். பதவியைப் பற்றிப் பேச்செடுக்காமல் திறப்பைப் பற்றி மாத்திரம் பேசுங்கள்.

மூத்தவனும் இன்னொருவனும் அந்தக் கிழமையே போயிருக்கிறார்கள். தலைவரின் தாயார்தான் முதலில் வாசலுக்கு வந்தாராம். "தம்பிமாரே, அவன் விடிய நாலு மணிக்குச் சந்தைக்குப் போறவன். பின்னேரம் வந்து விழுந்து படுத்தால் எழும்ப மாட்டான். உங்களுக்கு இல்லையெண்டு சொல்லவும் அவனுக்கு வாய் வராது" என்றாராம் அந்த அம்மா. பிள்ளைகளுக்கு இது புதிய செய்தி. எத்தனை வருடம் ஒன்றாக ஆடியும் ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தலைவர் எழுந்து வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் திறப்பைக் கொடுத்தார். அவருக்குக் கோபந்தான். இரண்டு கிழமை மைதானத்துப் பக்கமே அவர் தலைகாட்டவில்லை.

மூன்றாம் கிழமை நாம் மீண்டும் சென்றிருந்தோம். திறப்பு வாசிகசாலைச் சுவரிலே ஓர் ஆணியில் தொங்கியது. வலை கட்டியிருந்தது, மூத்தவன் ஆட்டத் தலைவனாக நின்றான். ஆட்டம் பாதியிலே இருக்கும்போது, வழக்கம்போலப் பிந்தி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் மைதானத்து ஓரத்திலே வந்து நின்றார். ஒருவரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. சற்றுப் பொறுத்து, "அண்ணை, பின்னுக்கு ஒரு இடம் கிடக்கு" என்று ஒருவன் கூப்பிட்டான்.

அவர் செருப்பைக் கழற்றி வேப்ப மரத்தடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். அடித்த முதற்பந்து நேரே வலைக்குள் போய் விழுந்தது.