இரு கைத் தூண்டிலுக்கு ஏற்ற நீர் எங்கே?

சொர்ணமுகி நதி பாகாலா அருகேயுள்ள மலைகளில் உற்பத்தியாகிறது. சந்திரகிரி, திருப்பதி, காளாஸ்தி வழியாக ஏறத்தாழ 130 கிலோ மீட்டர் ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. நதி பிறக்கும் இடத்தில் குடியிருப்பவருக்குத் தூண்டில் போட நீருக்கா பஞ்சம் என்று கேட்கலாம். சாதாரணத் தூண்டிலுக்குப் பஞ்சமில்லை. இரு கைத் தூண்டில் சங்கதி வேறு.

ஸ்காட்லாந்தின் ஸ்பே நதிக்கரையில் 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்த முறை இது. கோல் 12 முதல் 15 அடி நீளம். இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். முள்ளில் புழு கிடையாது. இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சிதான் இரை. அதற்கு எடையே இல்லாததால், கனத்த கயிற்றை வீசித்தான் அதைத் தூரத்துக்கு அனுப்ப முடியும். முதுகுப் பக்கம் மரம் அடர்ந்திருந்தாலும் கவலையில்லை. கயிற்றின் நுனியைக் கணநேரம் நீரில் படியவிட்டு, அந்தப் பிடிப்பிலேயே கோலை வளைத்து முன்னே செலுத்துகிறார்கள்.

இதற்கு அகலமான, சீராக ஓடும், கால் வைத்தால் புதையாத ஆறு வேண்டும். சொர்ணமுகியோ பெரும்பாலான மாதங்களில் மணல்தான். மழையில் திடீரென்று வெள்ளம் வரும். அப்போது இறங்குவது ஆபத்து. 1977இல் கட்டப்பட்ட கல்யாணி அணை திருப்பதியின் குடிநீருக்கானது. திருமலையின் தீர்த்தங்களும் நீர்த்தேக்கங்களும் பக்தர்களுக்குரியவை. அங்கெல்லாம் தூண்டிலை நினைக்கவே கூடாது.

மிஞ்சுவது ஏரிகள். தேங்கிய நீரில் கயிற்றை இழுத்து நேராக்க ஓட்டம் இராது. ஆனாலும் வீசும் பழக்கத்துக்கு அது போதும். புல்தரையில் கிடைக்காத பிடிப்பு ஏரி நீரில் கிடைக்கும். கரை உறுதியாக, சேறின்றி, மின்கம்பிக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். இன்றைய கார்பன் கோலில் மின்சாரம் பாயும். இடி மின்னல் வேளையிலும் கோலை எடுக்கக் கூடாது.

முக்கியமான இன்னொன்று உண்டு. பல ஏரிகளில் மீனவர் சங்கங்கள் குத்தகை எடுத்து, கெண்டைக் குஞ்சுகளை விட்டு வளர்க்கின்றன. அது அவர்களுடைய பிழைப்பு. அவர்களைக் கேட்டுக்கொண்டு, முள்ளை எடுத்துவிட்டுக் கம்பளி நூல் துண்டைக் கட்டிப் பழகினால் யாருக்கும் நஷ்டமில்லை.

பொய்ப் பூச்சிக்குப் பெயர் பெற்ற டிரவுட் மீன் குளிர்ந்த நீரில்தான் பிழைக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சனின் முயற்சியால் அது நீலகிரி ஓடைகளில் வேரூன்றியது. பாகாலா வெயிலுக்கு அது தாங்காது. காவிரிப் படுகையிலோ 1946இல் 120 பவுண்டு மஹ்சீர் மீன் ஒன்று தூண்டிலில் சிக்கியது. அங்கு மட்டுமே வாழும் திமில் மஹ்சீர் அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018இல் அறிவிக்கப்பட்டது. இனி அதைத் துரத்துவது விளையாட்டாகாது.

ஆகவே பாகாலாக்காரர் ஏரிக்கரையில் கையைப் பழக்கட்டும். ஆறு தேடிப் போகும் நாளில், அவ்விடத்து அனுமதியை முதலில் விசாரித்துக்கொண்டு பிறகு ரயிலேறட்டும்.