அணை கிடையாது, கரன்ட் உண்டு: எவரெஸ்ட் பாதையில் ஒரு குட்டி மின்நிலையம்

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை ட்ரெக்கிங் போய்வந்த நண்பர் யாராவது இருக்கிறாரா? அவர் நிச்சயம் நாம்சே பஜாரில் போனுக்கு சார்ஜ் போட்டிருப்பார். நேபாளத்தில் 3,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. பஸ், லாரி எதுவும் போகாது. அப்போ கரன்ட் மட்டும் எப்படி?

பக்கத்துப் பள்ளத்தாக்கில் உள்ள தாமே கிராமத்தை ஒட்டிய சிறு நீர்மின் நிலையத்திலிருந்துதான் வருகிறது. தாமே, டென்சிங் நார்கே வளர்ந்த ஊர். ஆஸ்திரியாவின் உதவியோடு 1990-களின் நடுவில் ஓடத் தொடங்கிய இந்த நிலையத்தின் திறன் சுமார் 600 கிலோவாட்.

மேட்டூர் மாதிரி பெரிய அணையைக் கற்பனை செய்ய வேண்டாம். இந்த வகை நிலையத்தில் ஓடும் தண்ணீரில் ஒரு பங்கை மட்டும் ஓரமாகத் திருப்புவார்கள். முதலில் அது ஒரு தொட்டியில் நின்று மணலைக் கீழே விடவேண்டும். இல்லையென்றால் இமயமலை மணல் டர்பைனை அரம் போல அராவிவிடும். பிறகு செங்குத்தான சரிவில் இரும்புக் குழாய் வழியே பாய்ந்து, டர்பைனைச் சுற்றிவிட்டு, மறுபடி ஆற்றிலேயே சேரும்.

இதில் உயரம்தான் விஷயம். மொட்டைமாடியில் இருக்கும் 1,000 லிட்டர் டேங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஒரு டேங்க் தண்ணீர் 100 மீட்டர் கீழே விழுந்தால், இயந்திர இழப்பு போக ஏறக்குறைய 800 கிலோவாட் கிடைக்கும். உயரம் இரண்டு மடங்கானால் பாதித் தண்ணீர் போதும். மலைநாடுகளுக்கு இது ஏன் பிடிக்கிறது என்று இப்போது புரியும்.

சிக்கல், சேமிப்பு இல்லாததுதான். குளிர்காலத்தில் ஓடை உறையும், வரத்து குறையும். ஹீட்டர் தேவைப்படுவதோ அப்போதுதான்! நேபாளம் முழுக்க இதே கதை: மழைக்காலத்தில் இந்தியாவுக்கு மின்சாரம் விற்கிறார்கள், குளிரில் இந்தியாவிடமே வாங்குகிறார்கள்.

அதைவிடப் பெரிய பயம் தலைக்கு மேலே இருக்கிறது. இப்போதைய நிலையம் உண்மையில் இரண்டாவது முயற்சி. முதலாவதாகக் கட்டிய நிலையம் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. 1985 ஆகஸ்ட் 4 அன்று, மேலே டிக் ட்ஷோ என்ற பனிப்பாறை ஏரிக்குள் பனிச்சரிவு விழ, அலை எழும்பி கரை உடைந்தது. நிலையம் போச்சு, கூடவே 14 பாலங்களும். பல வருட உழைப்பு சில மணி நேரத்தில் காலி. அதன்பிறகு வேறு இடம் பார்த்து மறுபடி கட்டினார்கள்.

2024 ஆகஸ்ட் 16 அன்று அதே தாமேவில் மீண்டும் வெள்ளம். பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், வீடுகள் எல்லாம் சேதம். பகல் நேரம் என்பதால் ஓடித் தப்பித்தார்கள், உயிரிழப்பு இல்லை. இந்தமுறை உடைந்தது பெரிய ஏரிகூட இல்லை. அருகிலுள்ள இம்ஜா ஏரி ஆபத்தானது என்று 2016-லேயே கால்வாய் வெட்டி, நீர்மட்டத்தை மூன்று மீட்டருக்கு மேல் இறக்கினார்கள். தாமேவுக்கு மேலே இருந்த இந்தச் சின்ன ஏரிகளுக்கு அப்படி யாரும் கால்வாய் வெட்டவில்லை.